கொல்லையில் கிடந்த படகு

சென்ற ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, உசேன் சாகர் ஏரிக்கரையில் உலாவச் சென்ற நம் சங்கத்து அன்பர்கள் சிலர், இளநீலப் பாய் விரித்த சிறு படகொன்றில் நம்மைக் கண்டு வியப்புற்றனராம். அடுத்த வாரம் சங்கக் கூட்டத்தில் ஒரு பெரியவர் நம் கையைப் பற்றிக்கொண்டு, “என்னப்பா, சம்பளக் கமிஷன் அவ்வளவா கொடுத்துவிட்டது?” என்று கேட்டே விட்டார். அவருக்கு அன்று சிரித்து மழுப்பினோம். ஆயினும் கேள்வி நியாயமானது. ரயில்வே குமாஸ்தா ஒருவனுக்குப் பந்தயப் படகு எங்ஙனம் வந்தது என்பதை நம் பத்திரிகையின் வாயிலாகவே சொல்லிவிடுவது முறை எனத் தோன்றியது. படகு வாங்கியதன்று, கட்டியது. கட்டியவரும் நாமல்லர், நாம் முடித்து வைத்தோம், அவ்வளவே.

முதலில் படகைப் பற்றிச் சில வார்த்தைகள். அதன் இனத்திற்கு ‘என்டர்பிரைஸ்’ என்று பெயர். 1956-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட் என்னும் வரைவாளர் வகுத்த அமைப்பு அது. ஒரு செய்தித்தாள் நிறுவனத்தின் ஆதரவில் வெளிவந்தபோது, அதன் வலிமையை உலகுக்குக் காட்டும் பொருட்டு, குளிர்காலத்து இரவொன்றில் இரண்டு படகுகள் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து காட்டின. நீளம் சுமார் 4 மீட்டர், அகலம் 1.6 மீட்டர். இருவர் செலுத்துவது. பெரிய பாய் ஒன்று, முன்பாய் ஒன்று, இரண்டும் இளநீலம். இதன் சிறப்பு யாதெனில், மெல்லிய ப்ளைவுட் பலகைகளைச் சட்டங்களின் மீது வளைத்துப் பொருத்தி, தச்சு வேலை ஓரளவு அறிந்த எவரும் தம் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிக்கொள்ளலாம் என்பதே. உலகெங்கும் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட என்டர்பிரைஸ் படகுகள் கட்டப்பட்டுள்ளன. நம் நாட்டு ஏரிகளிலும் துறைமுகங்களிலும் பல்லாண்டுகளாக இவ்வினப் படகுகள் பந்தயத்தில் ஓடிவருகின்றன.

நம் தந்தையார் லாலாகூடா ரயில் பெட்டித் தொழிற்சாலையில் தச்சராக இருந்தவர். பெட்டிகளில் மரவேலை குறைந்து, இரும்பும் பிளாஸ்டிக்கும் மிகுந்துவிட்ட காலம் அது. உளி பிடித்த கைக்கு வேலை போதவில்லை என்று அவருக்கு ஒரு குறை. ஞாயிறுகளில் ஏரிக்கரைக்குச் சென்று பழுதுற்ற படகுகளைச் செப்பனிட்டுக் கொடுப்பார். அங்கேதான் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற சுபேதார் ஐயாவின் நட்பு கிட்டியது. வேலூர்ப் பக்கத்தவர், பணியில் இருந்தபோது படைவீரர்களுக்குப் பாய்மரம் செலுத்தப் பயிற்சி அளித்தவர். தம்மிடமிருந்த வரைபடத்தை அவர் தந்தையாரிடம் கொடுத்து, “நீங்கள் கட்டுங்கள், உங்கள் பிள்ளைகளுக்கு ஓட்டச் சொல்லித் தருவது என் பொறுப்பு” என்றாராம். இது 1999-இல் நடந்தது. ரயில்வே குடியிருப்பில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கொட்டகை எழுந்தது.

தந்தையாருக்கு அது படகன்று, ‘பெட்டி’. தொழிற்சாலையிலிருந்து வந்து காப்பி குடித்ததும், “பெட்டியைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வருகிறேன்” என்று எழுந்துவிடுவார். ஒரு விஷயத்தில் மட்டும் வெகு கண்டிப்பு. ரயில்வேக்குச் சொந்தமான ஓர் ஆணிகூட அதில் ஏறலாகாது. வாங்கிய பலகை, பித்தளைத் திருகாணி, உப்புத்தாள் ஒவ்வொன்றுக்கும் ரசீது உண்டு. அவற்றையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். “எவனாவது வந்து கேட்டால் காட்ட வேண்டும்” என்பார். எவரும் வந்து கேட்கவில்லை.

2001-இல் நமக்கு வயது பதினான்கு. ஒரு நாள் தந்தையார் பணிக்குச் சென்றிருந்த சமயம், உதவி செய்யும் ஆர்வத்தில், படகின் முகப்பிலிருந்து பின்பக்கம் வரை ஓடவேண்டிய நீண்ட விளிம்புச் சட்டத்தை நாமே அறுத்துவிட்டோம். அவர் இட்டிருந்த இரண்டு கோடுகளில் எது வெட்டுக்கோடு என்று தெரியவில்லை. சட்டம் ஒரு சாண் குறைந்து போயிற்று. நல்ல தேக்கு, ஒரே நீளமாகக் கிடைப்பது அரிது. மாலையில் வந்தவர் அதை எடுத்துப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். “சரி, போய்ப் படி” என்றார். அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. அன்றுமுதல் நாம் அக்கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை. அடுத்த ஆண்டு வேலை நின்றுவிட்டது. நம் கைப்பிழையால்தான் அவருக்கு மனம் விட்டுப்போயிற்று என்று நாமே முடிவு செய்துகொண்டோம். அவரிடம் கேட்கும் துணிவு வரவில்லை. 2006-இல் பணியில் இருக்கும்போதே மாரடைப்பால் அவர் காலமானார். மறு ஆண்டு கருணை அடிப்படையில் நமக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. குடியிருப்பும் நம் பெயருக்கு மாறியது. கொட்டகையும் படகும் அப்படியே கிடந்தன.

2023-இன் இறுதியில் ஓர் அறிவிப்பு வந்தது. பழைய குடியிருப்புகள் இடிக்கப்படும். எல்லோரும் ஓராண்டுக்குள் புதிய அடுக்கு வீடுகளுக்கு மாறவேண்டும். நமக்கு ஒதுக்கப்பட்டது மூன்றாவது மாடி. அதில் கொல்லை ஏது, கொட்டகை ஏது? படகை உடைத்து விறகுக்குப் போட்டுவிடலாமென்று நாம் சொன்னபோது, அதுவரை பேசாதிருந்த அன்னையார் வாய் திறந்தார். “ஏண்டா, வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி தார்ப்பாய் வாங்கி நான் மூடி வைத்தது விறகுக்காகவா?” என்றார். பின்னும் சொன்னார்: “உடைப்பதானால் நான் போன பிறகு உடை.” அதற்கு மேல் நாம் என்ன சொல்ல இருக்கிறது?

நம் தம்பி மரச்சாமான் கடையொன்றில் வேலை செய்பவன். தந்தையாரின் கை அவனுக்கு வாய்த்திருக்கிறது; நமக்கு வாய்த்தது அவருடைய நோட்டுப் புத்தகம் மட்டுமே. இருவருமாகத் திருமலகிரியில் வசிக்கும் சுபேதார் ஐயாவைத் தேடிப் போனோம். எண்பதைத் தாண்டியவர், கண் மங்கியிருந்தது, நினைவு மங்கவில்லை. “பலகை பேசும், போய்க் கேளுங்கள்” என்று ஒரு கொட்டாப்புளியைக் கொடுத்தார்.

அதன் பொருள் கொட்டகைக்குள் சென்றபோதுதான் விளங்கியது. நல்ல மரத்தைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். உளுத்த மரமும் ஒட்டு விட்டுப்போன பலகையும் பொத்தென்று ஒலிக்கும். அங்குலம் அங்குலமாகத் தட்டி, ஐயமுற்ற இடங்களைத் தமரூசியால் குத்திப் பார்த்து, சுண்ணக்கட்டியால் வட்டமிட்டோம். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழ் இருக்கும் வரை அதனை உளுக்கச் செய்யும் பூஞ்சை வளராது என்பர். அன்னையாரின் தார்ப்பாய் அந்த வேலையைச் செய்திருந்தது. பின்பலகையின் கீழ் மூலையும், நடுப்பலகை இறங்கும் கூட்டின் அடியும், வலப்பக்கத்துப் பலகையில் ஒரு முழ நீளமும் கெட்டிருந்தன. மற்றவை உறுதி.

அன்றுதான் அந்த விளிம்புச் சட்டத்தையும் கண்டோம். நாம் ஒரு சாண் குறைத்த சட்டம் தன் இடத்தில் முழு நீளமாகப் பொருந்தியிருந்தது! விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தால், ஒரு சாய்வு ஒட்டு. சட்டத்தின் கனம் ஒரு பங்கென்றால் சாய்வின் நீளம் எட்டுப் பங்கு. இரு முனைகளையும் அவ்வாறு சீவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால், இணைப்பு முழுமரத்துக்கு ஏறத்தாழ நிகரான வலிமை பெறும் என்பது படகுத் தச்சரின் கணக்கு. ஒட்டின் பக்கத்தில் பென்சிலால் தந்தையாரின் கையெழுத்து: “பெரியவன் வெட்டியது. ஒட்டியாயிற்று. சரி.” கீழே தேதி. நாம் தவறு செய்த அதே வாரம்.

அப்படியானால் வேலை நின்றதேன்? விடை தகரப் பெட்டியில் இருந்தது. நோட்டுப் புத்தகத்தில் மாதந்தோறும் ‘படகு’ என்று தலைப்பிட்டு 400 ரூபாய் ஒதுக்கி வந்திருக்கிறார். 2002 ஜூன் மாதப் பக்கத்தில் அத்தலைப்பு ஒரே கோட்டால் அடிக்கப்பட்டு, அதன் மேல் ‘பெரியவன் டியூஷன்’ என்று எழுதியிருந்தது. நாம் பத்தாம் வகுப்பில் சேர்ந்த மாதம் அது. கணக்கில் பின்தங்கியிருந்தோம். அவ்வாண்டு முழுதும் அதே 400 ரூபாய் டியூஷனுக்குப் போயிற்று. அதற்குப்பின் தம்பியின் படிப்பு. படகுத் தலைப்பு மீண்டும் வரவேயில்லை.

அன்பர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் சேர்ந்த காலத்தில் குமாஸ்தா வேலைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி அவசியமாயிருந்தது. அத்தேர்ச்சிக்கு டியூஷன், டியூஷனுக்குப் படகுப் பணம். நம் பிழையால் படகு நின்றதென்று இருபதாண்டுகள் குமைந்தோம். உண்மையில் அது நம் பொருட்டே நின்றது. நாம் இன்று உண்ணும் சோறு அந்தப் படகின் பாய். அலுவலகத்தில் நிலுவைப் பட்டியல் தயாரிப்பது நம் தொழில். பிறர் நிலுவைகளை மாதந்தோறும் எழுதுகிற நாம், நம் வீட்டுக் கொல்லையிலிருந்த நிலுவையைப் பாராதிருந்தோம்.

வேலை தொடங்கிற்று. கைவசம் ஞாயிறுகளும் விடுமுறைகளும் மட்டுமே. கெட்ட பலகையை நல்ல மரம் தென்படும் வரை அறுத்தெடுத்து, தந்தையாரின் அதே எட்டுக்கு ஒன்று சாய்வில் புதுப்பலகை ஒட்டினோம். ப்ளைவுட் வாங்குவோர் கவனிக்க: தண்ணீரில் நிற்கவேண்டியதற்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பலகையே ஏற்றது. ஒட்டுவதற்கு எபாக்சி. அதனை ஆழமான குவளையில் கலந்து வைத்தால், கலவை தன் வெப்பத்தாலேயே கொதித்து நிமிடங்களில் கல்லாகிவிடும். முதல் முறை அவ்வாறே ஒரு குவளை வீணாயிற்று. பிறகு விடியற்காலையில், சிறிது சிறிதாகக் கலந்து, அகன்ற தட்டில் பரப்பி வைத்துப் பூசக் கற்றுக்கொண்டோம். சித்திரை வெயிலில் நமது ஊரில் காலை எட்டு மணிக்குப் பின் எபாக்சி வேலை ஆகாது.

நடுப்பலகைக் கூடுதான் மிகவும் சோதித்தது. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது படகு ஒதுங்காமல் காப்பது இந்த நடுப்பலகையே. அது இறங்குவதற்காகப் படகின் அடியில் நீண்ட துளை விடவேண்டும்; அத்துளையைச் சுற்றி எழும் கூடு ஒழுகினால் எல்லாம் போயிற்று. மூன்று முறை தண்ணீர் நிரப்பிச் சோதித்தோம். இரு முறை ஒழுகியது. மூன்றாம் முறை இரவு முழுதும் அன்னையார் எழுந்து எழுந்து போய்ப் பார்த்தாராம். காலையில் எங்களை எழுப்பி, “சொட்டுக்கூட இல்லை” என்றார்.

குமாஸ்தாவின் கட்டுரையில் கணக்கு இல்லாமல் முடியாது. பலகை ரூ. 9,200, எபாக்சி, கண்ணாடி நாடா ரூ. 13,500, வர்ணம், வார்னிஷ் ரூ. 6,300, கயிறு, கப்பி ரூ. 7,800, ஒருவர் உபயோகித்துக் கழித்த அலுமினியப் பாய்மரமும் பாய்களும் ரூ. 16,000, மிதவைப் பைகள், உயிர்காப்பு உடைகள் ரூ. 8,200. ஆக ரூ. 61,000. ரசீதுகள் யாவும் அதே தகரப் பெட்டியில் உள்ளன.

படகு கட்டுவது நம்மவர்க்குப் புதிய வித்தையன்று. ஆங்கிலேயர் ‘கேட்டமரன்’ என்பது நம் கட்டுமரமே. துறைமுகம் அமையுமுன் சென்னைக் கரையில் அலை தாண்டி ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கியவை, ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள். அலை மோதும்போது ஆணி விட்டுப்போகும். தையல் வளைந்து கொடுக்கும். 1969-இல் எங்கும் நிற்காமல் தனியொருவராகப் படகில் உலகை வலம் வந்த முதல் மனிதர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் சென்ற ‘சுஹைலி’, பம்பாயில் நம் நாட்டுத் தச்சர்கள் தேக்கால் கட்டிய 32 அடிப் படகு. ஒன்பது பேர் புறப்பட்ட அப்பந்தயத்தில் 312 நாட்களுக்குப்பின் கரை சேர்ந்தது அது ஒன்றே. நம் காலத்திலும் சென்னையின் நேத்ரா குமணனும், வேலூரில் பிறந்து ராணுவத்தில் பணியாற்றும் விஷ்ணு சரவணனும் டோக்கியோ, பாரிஸ் ஆகிய இரு ஒலிம்பிக் பந்தயங்களிலும் பாய்மரம் செலுத்தினர். ஆகவே இது துரைமாருக்கு மட்டும் உரிய விளையாட்டு என்று எவரும் ஒதுங்க வேண்டியதில்லை.

வீடு மாறவேண்டிய தவணைக்குப் பதினெட்டு நாள் முன்பு படகு முடிந்தது. என்ன பெயர் வைப்பது? நாம் ‘நிலுவை’ என்றோம். தம்பி முகம் சுளித்தான். அன்னையார், “அவர் என்ன சொல்லிக் கூப்பிட்டாரோ அதுதான்” என்றார். எனவே பின்பலகையில் ‘பெட்டி’ என்று எழுதினோம். ஏரிக்கரைக்குச் சிறு லாரியில் கொண்டு சென்று, எடை போட்டுப் பார்த்தோம். இவ்வினப் படகின் உடல் எடை 94 கிலோ அளவில் இருக்கவேண்டும்; நமது பெட்டி 103 கிலோ. ஒட்டுகளும் எபாக்சியும் சேர்த்த பளு. “ஒன்பது கிலோ உங்கள் அப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள்” என்றார் சுபேதார் ஐயா. அன்னையார் தேங்காய் உடைத்தார்.

உசேன் சாகரின் நடுவே 18 மீட்டர் உயரப் புத்தர் நிற்கிறார். 1990-இல் அச்சிலையைத் தெப்பத்தில் ஏற்றிச் சென்றபோது விபத்து நேர்ந்து, உயிர்களும் பலியாகி, சிலை ஏரியில் மூழ்கியது. இரண்டாண்டுகளுக்கு மேல் நீருக்கடியில் கிடந்து, 1992-இல்தான் மேலெடுத்து நிறுத்தப்பட்டது. முதன்முதலாக அதன் அருகே பெட்டியைச் செலுத்திச் சென்றபோது, தாமதமாக முடிந்த காரியங்களுக்கும் ஓர் இடம் உண்டு என்று மனத்தில் பட்டது.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, பெட்டி மட்டும் எளிதில் பறக்கவில்லை. சுபேதார் ஐயாவிடமும் அவருடைய பழைய மாணவர் ஒருவரிடமும் ஆறு மாதம் பயின்ற பின்னரே, சென்ற ஆடியில் நண்பர்களிடையே நடந்த பலவினப் படகுப் போட்டியில் கலந்துகொண்டோம். இதில் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் எண் உண்டு. எடுத்துக்கொண்ட நேரத்தை ஆயிரத்தால் பெருக்கி அவ்வெண்ணால் வகுப்பர். என்டர்பிரைசின் எண் சுமார் 1120. ஆகவே 56 நிமிடத்தில் முடித்தால் 50 நிமிடமாகக் கணக்கிடுவர். வேகப் படகுக்கும் மெதுவான படகுக்கும் இவ்வாறு நியாயம் செய்வது, பாசஞ்சர் வண்டியையும் எக்ஸ்பிரசையும் ஒரே தராசில் நிறுப்பது போலாம்.

புறப்பட்ட படகுகள் பதினொன்று. திருப்பு மிதவையருகே வீசிய பலத்த காற்றில் ஒரு முறை கவிழப் பார்த்தோம். தம்பி விளிம்பில் உடலைச் சாய்த்துத் தொங்கினான். அவன் கால் ஊன்றியிருந்தது அந்த ஒட்டுப்போட்ட சட்டத்தையொட்டி. அது முனகக்கூட இல்லை. பத்தாவதாக வந்தோம். கரையில் அன்னையார், “முதலா, இரண்டாவதா?” என்று கேட்டார். “பத்து” என்றோம். “பத்தாவது தேறியதற்கே உன் அப்பா ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தார்” என்று சிரித்தார்.

இப்போது நாம் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். பெட்டி ஏரிக்கரையில் ஒரு கொட்டகையில் வாடகைக்கு இருக்கிறது. நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றிலும், பிழைப்பைத் தேடி வந்த தலைமுறை பாதியில் விட்ட காரியம் ஏதாவது இருக்கக்கூடும். பாதித் தைத்த துணியோ, எழுதி முடியாத குடும்ப வரலாறோ, கற்று விட்டுப்போன வீணையோ. அதனை உடைத்து வீசுமுன் ஒரு முறை தட்டிப் பாருங்கள். ஏன் நின்றது என்று வீட்டிலுள்ள முதியோரைக் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். நாம் கேளாமல் இருந்துவிட்டோம்.

நீந்தத் தெரிந்த, பன்னிரண்டு வயது நிரம்பிய சங்கத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலைகளில் பெட்டியில் இடம் உண்டு. உயிர்காப்பு உடை கட்டாயம். ஏரி நீர் தூயதன்று, ஆதலால் வீடு திரும்பியதும் குளியலும் கட்டாயம். கட்டணம் இல்லை. பெற்றோர் ஒருவர் உடன் வந்தால் போதும்.